நாவிதர் மகன் நாடாண்ட கதை



மலர்க் குழுவில் என்னைக் கட்டுரை கேட்டபோது, யாராவது ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்றார்கள். காந்தி, காமராஜர், அப்துல் கலாம் என்று எல்லாத் தலைவர்களுக்கும் ஏற்கெனவே ஆள் பெயர் கொடுத்தாச்சு. நான் ஒரு பெயர் சொன்னேன். யாருப்பா அவர் என்று இரண்டு மூன்று பேர் திருப்பிக் கேட்டார்கள். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவரைப் பற்றித்தான் எழுதணும் என்று.

அவர் பெயர் கர்ப்பூரி தாக்கூர். பீகார் மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்து, சட்டமன்ற உறுப்பினராகி, கல்வி அமைச்சராகி, இரண்டு முறை முதலமைச்சராக இருந்தவர். நமக்குத்தான் புதுப் பெயர். பீகாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே அவரை 'ஜன் நாயக்', அதாவது மக்கள் தலைவர் என்றே அழைக்கிறார்கள்.

நான் அவரை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாக நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தெரியாத விஷயம் அது.

என் அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்ட சலூன் கடை. காலேஜ் கிளம்புவதற்கு முன்னால் கடையைக் கூட்டி, குடத்தில் தண்ணி பிடிச்சு வைத்து, பேப்பர் வாங்கிப் போட்டுவிட்டு வருவது என் வேலை. 2024 ஜனவரி 24 காலையும் அப்படித்தான் போயிருந்தேன். நான் அப்போது முதலாமாண்டு. ஷேவிங்குக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். பீகாரின் முன்னாள் முதல்வர் கர்ப்பூரி தாக்கூருக்கு பாரத ரத்னா விருது என்று முந்தின நாள் அறிவிப்பு வந்திருந்தது. அவர் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் என்றும் அதில் போட்டிருந்தது. நுரை பூசிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பெரியவர் படித்தார். அப்பா வேறொன்றும் பேசவில்லை. மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

அதே அப்பாவின் தொழிலை நான் இந்தக் காலேஜ் அட்மிஷன் ஃபாரத்தில் சுயதொழில் என்று எழுதியிருந்தேன். பஸ்ஸில் காலேஜ் வரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கே நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

பிறந்த மண்

1924 ஜனவரி 24-இல் பிதௌஞ்சியா என்ற கிராமத்தில் கர்ப்பூரி தாக்கூர் பிறந்தார். அது இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா கோகுல் தாக்கூர், அம்மா ராம்துலாரி தேவி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மற்றபடி குலத்தொழில்தான்.

பீகார் அந்தக் காலத்தில் ஜமீன்தார்களின் பூமி. நிலம், அதிகாரம், படிப்பு எல்லாம் மேல்தட்டில் இருந்த சில சாதிகளின் கையில். நாவிதர், குயவர், மீனவர் மாதிரியான சின்னச் சின்னச் சாதிகள் ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தன. கூப்பிட்ட வீட்டுக்கு ஓட வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இது எனக்குப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. எங்க தாத்தாவும் கிராமத்தில் வீடு வீடாகப் போய்த்தான் வேலை செய்தார். வருசத்துக்கு ஒருமுறை அறுவடையில் நெல் அளப்பார்கள். பத்து வயசுப் பையன்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவானாம்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை படித்தார். 1940-இல் மெட்ரிக் தேறினார். முதல் வகுப்பு! அதைப் பற்றி பீகாரில் ஒரு சம்பவம் சொல்வார்கள். மகன் முதல் வகுப்பில் தேறியதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் ஆசி வாங்க மகனைக் கூட்டிப் போனாராம். அந்தப் பெரிய மனிதர் காலை நீட்டி, முதல் வகுப்பா, நல்லது, வந்து காலைப் பிடித்துவிடு என்றாராம்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி திறக்க முடிந்தது.

சிறையும் கரும்பலகையும்

தர்பங்காவில் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர் சங்கத்தில் இருந்தார். 1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தது. பட்டப்படிப்பை விட்டுவிட்டு இறங்கினார். 26 மாதம் சிறை.

நண்பர்களே, ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். அந்தக் குடும்பம் எதை நம்பி அவரைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும்? ஒரு வேலை, ஒரு சம்பளம். நம்ம வீட்டிலும் அதுதானே? நான் படிப்பை விட்டுவிட்டுப் போராட்டம், சிறை என்று போனால் எங்கம்மா என்ன ஆவாங்க? கர்ப்பூரி செய்தது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஆனால் அவருக்கு பட்டம் போனது போனதுதான்.

நாடு விடுதலை அடைந்த பிறகு தன் கிராமத்துப் பள்ளியிலேயே ஆசிரியர் ஆனார். இந்தக் காலத்தைப் பற்றிப் புத்தகங்களில் அதிகம் இல்லை. ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அவர் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு வாத்தியாருக்குத் தெரியும், ஒண்ணாம் வகுப்பில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், கடைசி வகுப்பு வரை எத்தனை பேர் வந்தார்கள் என்று. நின்றுபோன பிள்ளைகள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதும் தெரியும். மந்திரி நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவருக்கு எண்ணிக்கைதான் தெரியும். வாத்தியாருக்கு முகம் தெரியும்.

சட்டமன்றத்தில்

1952-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். சோசலிஸ்ட் கட்சி சார்பில் தாஜ்பூர் தொகுதியில் நின்று ஜெயித்தார். வயது 28. அதற்குப் பிறகு சாகும்வரை சட்டமன்றத் தேர்தலில் அவர் தோற்றதே கிடையாது. தோற்றது 1984 மக்களவைத் தேர்தலில் மட்டும்.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. பீகார் அரசு 2023-இல் வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பில் நாவிதர் சமூகம் மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய 1.6 சதவீதம்தான். பீகார் அரசியலில் சாதிக் கணக்கு எவ்வளவு பெரிசு என்று நமக்குத் தெரியும். சொந்தச் சாதி ஓட்டை நம்பி அவர் ஒரு வார்டில்கூட ஜெயித்திருக்க முடியாது. மற்றவர்கள் போட்ட ஓட்டில்தான் ஜெயித்தார்.

அவர் சட்டமன்றத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவரும் இல்லை. 1960-இல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது தபால் தந்தி ஊழியர்களுக்குத் தலைமை தாங்கிக் கைதானார். 1970-இல் டெல்கோ தொழிலாளர்களுக்காக 28 நாள் உண்ணாவிரதம் இருந்தார். டெல்கோ என்றால் லாரி செய்கிற கம்பெனி. நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு டாட்டா மோட்டார்ஸ் என்று சொன்னால் புரியும்.

புதிதாக எம்.எல்.ஏ. ஆன காலத்துக் கதை ஒன்று. வெளிநாடு போகும் குழுவில் அவர் பெயர் வந்ததாம். போட்டுக்கொள்ள ஒரு கோட்டு இல்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினார், அதுவும் கிழிசல். அங்கே யுகோஸ்லாவியத் தலைவர் மார்ஷல் டிட்டோ அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டு, அவருக்குப் புதுக் கோட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் என்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஷூ இரவல் வாங்கிய நம் சீனியர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

இங்கிலீஷ் என்ற சுவர்

1967-இல் பீகாரில் காங்கிரஸ் அல்லாத முதல் அரசு அமைந்தது. முதல்வர் மகாமாயா பிரசாத் சின்ஹா. கர்ப்பூரி துணை முதல்வர், கல்வித் துறையும் அவரிடமே. கிராமத்து வாத்தியார் மாநிலத்துக்கே கல்வி மந்திரி ஆனார்.

அவர் செய்த ஒரு காரியம் இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. மெட்ரிக் தேர்வில் ஆங்கிலத்தில் கட்டாயம் தேற வேண்டும் என்ற விதியை எடுத்தார். அதாவது கணக்கு, அறிவியல், இந்தி எல்லாம் பாஸ் செய்து ஆங்கிலத்தில் மட்டும் தவறினாலும் மெட்ரிக் பாஸ்தான். ஆங்கிலப் பாடத்தை அவர் ஒழிக்கவில்லை. படிக்கிறவன் படிக்கலாம். ஆனால் அந்த ஒரு பாடத்தால் யாரும் வெளியே நிற்க வேண்டாம் என்றார்.

கிராமத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஆங்கிலத்திலேயே தவறி, படிப்பே முடிந்து வீட்டில் உட்கார்ந்த காலம் அது. வீட்டில் ஒரு எழுத்து இங்கிலீஷ் கிடையாது. பள்ளியில் சொல்லித்தரச் சரியான ஆள் கிடையாது. ஆனால் தேர்வில் மட்டும் டவுன் பையனோடு ஒரே கேள்வித்தாள். இந்த விதி போனதும் அவர்களுக்கு வழி திறந்தது. உடனே கேலியும் பிறந்தது. ஆங்கிலம் இல்லாமல் தேறியவர்களை 'கர்ப்பூரி டிவிஷன்' என்று நக்கல் செய்தார்கள். தரத்தைக் கெடுத்துவிட்டார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்ல வேண்டும். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. பத்தாவது ஆங்கிலத்தில் நான் வாங்கியது 36. பாஸ் மார்க் 35. இன்னும் இரண்டு மார்க் குறைந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இங்கே இல்லை. கடையில் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். கணக்கில் நான் வாங்கிய 91 அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே வந்த பிறகாவது தப்பித்தேனா? விசை, நிலைமம், திருப்புத்திறன் என்று படித்தவன் நான். முதல் நாள் வகுப்பில் ஃபோர்ஸ், இனர்ஷியா, மொமென்ட் என்று வந்தபோது, இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதே எனக்குத் தெரியவில்லை. முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் அரியர். ரெண்டாவது தடவையும் போச்சு. மூன்றாவது தடவைதான் எழுந்தேன். அதற்கும் பக்கத்து பெஞ்ச் நண்பன் இரண்டு மாதம் சாயங்காலம் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அவன் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. கர்ப்பூரி செய்தது தப்பு என்று சொல்ல என் வாய் வராது, நான் ஒரே ஒரு மார்க்கில் உள்ளே வந்தவன். அதே சமயம், ஆங்கிலம் இல்லாமல் மெட்ரிக் தேறி வெளியே வந்த பிள்ளை அடுத்து காலேஜிலோ வேலையிலோ அதே சுவரில் போய் முட்டிக்கொண்டிருப்பான் என்பதும் உண்மை. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். கதவைத் திறந்தது கர்ப்பூரி. சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலையைப் பின்னால் வந்தவர்கள் சரியாகச் செய்திருந்தால் அந்தக் கேலிக்கு இடமே இருந்திருக்காது. வாத்தியாரைக் கேலி பண்ணினதுதான் மிச்சம்.

முதலமைச்சர்

1970 டிசம்பர் 22-இல் முதன்முறையாக முதல்வரானார். பல கட்சிக் கூட்டணி. 1971 ஜூன் 2 வரைதான் நீடித்தது, ஆறு மாதம்கூட இல்லை. அடுத்து 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது தலைமறைவானார். நேபாளம் போய் அங்கிருந்து வேலை செய்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தில் பீகாரின் முக்கியத் தூண்களில் ஒருவர் அவர். 1977-இல் ஜனதா அலை அடித்தது. ஜூன் 24-இல் மீண்டும் முதல்வர். 1979 ஏப்ரல் 21 வரை இருந்தார்.

இரண்டையும் கூட்டினால் அவர் முதல்வராக இருந்தது சுமார் 27 மாதம். 1942 போராட்டத்துக்காகச் சிறையில் இருந்தது 26 மாதம். இரண்டும் கிட்டத்தட்ட சமம்! கூட்டிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இரண்டாவது முறை மதுவிலக்கு கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை, அவருக்குப் பின் எடுத்துவிட்டார்கள். ஆனால் நிலைத்த ஒன்று இருக்கிறது. அதுதான் இட ஒதுக்கீடு.

முங்கேரி லால் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1976-இல் அறிக்கை கொடுத்திருந்தது. 128 சமூகங்கள் பிற்படுத்தப்பட்டவை, அதில் 94 மிகவும் பிற்படுத்தப்பட்டவை என்று அது பிரித்துக் காட்டியது. கர்ப்பூரி அதைக் கையில் எடுத்தார். 1978 நவம்பரில் அரசு வேலைகளில் 26 சதவீதம் ஒதுக்கினார். அதை எப்படிப் பிரித்தார் பாருங்கள்:

மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12 சதவீதம்.
பிற்படுத்தப்பட்டோருக்கு 8 சதவீதம்.
பெண்களுக்கு 3 சதவீதம்.
முன்னேறிய சாதிகளில் ஏழைகளுக்கு 3 சதவீதம்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து நடுவில் அண்டாவை வைத்தால், கை நீளமானவன் அள்ளிக்கொள்வான். ஓரத்தில் உட்கார்ந்த சின்னப் பையனுக்கு ரசம்கூட வராது. அவனுக்குத் தனி இலை போட்டு, தனியாகப் பரிமாற வேண்டும். நிலமும் ஆள்பலமும் இருந்த பிற்பட்ட சாதிகள் வேறு, ஊருக்கு நாலு வீடாகச் சிதறிக் கிடந்த சாதிகள் வேறு என்று அந்த வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. பெண்களையும் முன்னேறிய சாதி ஏழையையும் அவர் மறக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான 50 சதவீதத்துக்குள் 20 சதவீதத்தை மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் என்று தனியே பிரித்தது 1989-இல். அந்த 20-இல்தான் எனக்கு இந்த பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. என் கணக்கு மார்க்குக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் யாரோ எப்போதோ இலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது, கர்ப்பூரியைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கத்தியை எடு என்றார்கள்

அந்த ஒதுக்கீட்டை எதிர்த்து பீகாரே பற்றி எரிந்தது. பஸ்கள் எரிந்தன, கல்லூரிகள் மூடப்பட்டன, மாணவர்களே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். முதலமைச்சரை அவர் அம்மாவோடு சேர்த்துத் திட்டினார்கள். ஊர்வலங்களில் ஒரு கோஷம். அதன் அர்த்தம், நாற்காலியை விட்டு இறங்கு, போய்ச் சவரக்கத்தியைப் பிடி என்பது.

ஒரு மாநிலத்தின் முதலமைச்சர். இரண்டு முறை அந்தப் பதவிக்கு வந்தவர். 25 வருடத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதி. அவரைப் பார்த்தே அப்படிச் சொன்னார்கள் என்றால்...

முதலாமாண்டு வொர்க்‌ஷாப்பில் ஒருநாள் ஃபைலிங் செய்துகொண்டிருந்தோம். என் ஜாப் நன்றாக வந்திருந்தது. பரம்பரைக் கையாச்சே, கத்தி பிடிச்ச கை, நல்லாத்தான் தேய்க்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் அப்படியே கொண்டு போய் வீட்டில் கொடுத்தபோது, அம்மா சோறு ஏதும் கெட்டுப்போச்சா என்று கேட்டாங்க. ஆமாம் என்று பொய் சொன்னேன். சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இது விளையாட்டுக்குச் சொல்கிற விஷயம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பூரி என்ன செய்தார்? பதிலுக்குத் திட்டவில்லை. உத்தரவைத் திரும்பப் பெறவும் இல்லை. ஜனதா கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்து, 1979 ஏப்ரலில் ஆட்சி போயிற்று. நாற்காலி போனது, ஆனால் அந்த ஒதுக்கீடு போகவில்லை. மாறுதல்களோடு அடுத்தடுத்த ஆட்சிகளிலும் தொடர்ந்தது. 2023 கணக்கெடுப்பில் பீகார் மக்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மட்டும் 36 சதவீதம் என்று தெரிந்தது. அவர் யாருக்காகத் தனி இலை போட்டாரோ அவர்கள்தான் அந்த மாநிலத்திலேயே பெரிய கூட்டம்!

அவர் முதல்வராக இருந்தபோதும் கிராமத்தில் அவருடைய அப்பா பழைய தொழிலையும் பழைய வீட்டையும் விடவில்லை என்பார்கள். ஒருமுறை, கூப்பிட்ட நேரத்துக்கு வரவில்லை என்று அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் முதலமைச்சரின் அப்பாவையே அவமானப்படுத்தினார்களாம். போலீஸ் ஓடி வந்து அவர்களைப் பிடித்தது. கர்ப்பூரி விட்டுவிடச் சொன்னாராம். என் அப்பாவுக்கு ஒன்று நடந்தால் போலீஸ் வருகிறது, ஒவ்வொரு ஊரிலும் எத்தனையோ பேருக்கு இது தினமும் நடக்கிறது, அவர்களுக்கு யார் வருவார்கள் என்று நினைத்தாராம்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பிறகு நினைத்துப் பார்த்தேன். அவர் கேட்டது தன் அப்பா ஒருவருக்காக மட்டும் இல்லை, 94 சமூகத்து அப்பாக்களுக்குமாகச் சேர்த்துக் கேட்டார். ஆனாலும் அந்த அப்பாவின் மனசு அன்றைக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்ற கேள்வி எனக்குள் இன்னும் போகவில்லை.

கடைசி வரை

கர்ப்பூரி தாக்கூர் 1988 பிப்ரவரி 17-இல் பாட்னாவில் மாரடைப்பால் காலமானார். வயது 64. இவ்வளவு காலம் பதவியில் இருந்தவர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. அவர் மறைந்த பிறகு கிராமத்துக்குப் போன தலைவர் எச்.என்.பகுகுணா, அந்தக் குடிசை வீட்டைப் பார்த்து அழுதுவிட்டார் என்று சொல்கிறார்கள்.

அவர் பிறந்த பிதௌஞ்சியாவுக்கு இப்போது கர்ப்பூரி கிராமம் என்று பெயர். 1991-இல் அவருக்குத் தபால் தலை வந்தது. லாலு பிரசாத், நிதிஷ் குமார், ராம் விலாஸ் பாஸ்வான் என்று பின்னாளில் பெயர் பெற்ற பீகார் தலைவர்கள் பலர் அவரைத் தங்கள் ஆசானாகச் சொல்லிக்கொண்டவர்கள். நூறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், 2024 ஜனவரி 23-இல், பாரத ரத்னா அறிவிப்பு வந்தது. மார்ச் 30-இல் அவர் மகன் ராம்நாத் தாக்கூர் டெல்லியில் அதை வாங்கிக்கொண்டார்.

மறைந்து 36 வருடம் கழித்து நாடு அவருக்குக் கொடுத்த மரியாதை எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. நுரை பூசிய கை ஒரு நிமிஷம் நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். கொத்தனார் பிள்ளை, சலவைத் தொழிலாளி பிள்ளை, பூக்கட்டும் அம்மாவின் பிள்ளை, கூலிக்காரர் பிள்ளை என்று இருக்கிறோம். ஃபாரத்தில் அப்பா தொழில் என்ற கட்டத்துக்கு வரும்போது நம்மில் எத்தனை பேருக்குப் பேனா கொஞ்சம் தயங்கியிருக்கும்? எனக்குத் தயங்கியது. கர்ப்பூரி தாக்கூரிடம் நான் கற்றது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. மேலே போனவர் கீழே இருந்ததை மறைக்கவில்லை என்பதுதான். மறைத்திருந்தால் அந்த 94 சமூகங்கள் அவர் கண்ணில் பட்டிருக்காது.

போன மாதம் அப்ரன்டிஸ்ஷிப்புக்கு ஒரு விண்ணப்பம் பூர்த்தி செய்தேன். அப்பா தொழில் என்ற இடத்தில் முடிதிருத்துபவர் என்று தெளிவாக எழுதினேன். தமிழில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல்தான்!

இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அப்பா கடையில் கொண்டு போய்ப் போடப் போகிறேன். அப்பா அஞ்சாவதுதான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நேரம் ஆகும். பரவாயில்லை. காத்திருக்கிறவர்களில் யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள்.



— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை